வராத சீட்டு

கயிறு குட்டை. புத்தகத்தை ஆணியிலிருந்து கழற்றாமல் படிக்க வேண்டுமென்றால் கழுத்தை இடப்பக்கம் சாய்த்து, வலது தோள் காப்பி இயந்திரத்தில் இடிக்க நிற்க வேண்டும். ஹெய்மோ அப்படித்தான் நின்றார். எண்பத்து மூன்றாம் பக்கத்தை மூன்றாவது முறை படித்துக்கொண்டிருந்தபோது நடைவழியில் காலடி கேட்டது. புத்தகத்தைக் கைவிட்டார். அது சுவரில் மோதி ஆடியது. பக்கத்தில், இந்த வாரம் பால் வாங்க வேண்டியது யார் என்ற பட்டியல் ஒட்டியிருந்தது. அதைப் படிக்கத் தொடங்கினார்.

துறைத் தலைவர் தோர்ஸ்தி கோப்பையுடன் உள்ளே வந்தார். புத்தகம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன?" என்றார் தோர்ஸ்தி.

"பால்."

"யாரு?"

"நீதான்."

"ஆமா."

தோர்ஸ்தி காப்பி பிடித்தார். புத்தகம் ஆடி நிற்கும்வரை அதையே பார்த்தார். பிறகு போய்விட்டார். அந்தத் துறையின் அளவுக்கு இது நீண்ட உரையாடல்.

ஆணியில் தொங்கியது துறையின் ஆய்வு மாணவி சைமாவின் முனைவர் பட்ட ஆய்வேடு. ஆட்சேபம் உள்ளவர்கள் படித்துக்கொள்ளட்டும் என்று, அரங்கில் அதற்காக வாதிடுவதற்குப் பத்து நாள் முன்னால் எல்லோருக்கும் தெரியும்படி தொங்கவிட வேண்டும். எஸ்போ நகரில் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தின் இந்த மாடியில் அதற்கென்றே ஓர் ஆணி. காலண்டர்கூட மாட்டமாட்டார்கள். ஆய்வேடு இணையத்திலும் இருந்தது. ஆனால் யார் இறக்கிக்கொண்டார்கள் என்று பார்க்க முடியும் என யாரோ சொல்லியிருந்ததால், ஹெய்மோ ஆணியை நம்பினார்.

எண்பத்து மூன்றாம் பக்கத்தில் பத்தொன்பது வரிகள். அவற்றின் சாரம் முதல் வரியிலேயே இருந்தது. எல்லா வீடுகளிலும் ஒரே கடிகாரம் ஓடும் இடத்தில் லிண்டுகாங்காஸ் வரம்பு செல்லாது. "துரதிருஷ்டவசமாக" இல்லை. "மதிப்புக்குரிய" இல்லை. செல்லாது, அவ்வளவுதான்.

ஹெய்மோவின் குடும்பப் பெயர் லிண்டுகாங்காஸ். அவர் கையில் இருந்த கோப்பையிலும் அந்த வரம்புதான் அச்சாகியிருந்தது, நீல எழுத்தில். ஐம்பதாம் பிறந்தநாளுக்குத் துறை கொடுத்தது. எட்டு வருடமாக அதில்தான் குடிக்கிறார்.

அந்த வரம்பு இதுதான். ஆயிரம் வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்து வீடுகளை மட்டுமே தெரியும். வேண்டும்போதெல்லாம் ஒரு வீடு, பக்கத்து வீட்டுக் கதவுக்கடியில் ஒரு சீட்டைத் தள்ளலாம். சீட்டில் ஓர் எண்ணுக்கு மேல் எழுத இடமில்லை. பனி கொட்டிக் கிடக்கிறது. எந்தெந்தப் பாதையில் மட்டும் பனியைத் தள்ளினால், குறைந்த உழைப்பில் எல்லா வீட்டிலிருந்தும் எல்லா வீட்டுக்கும் போகலாம்? மேலிருந்து பார்த்துச் சொல்ல யாருமில்லை. சீட்டுப் போட்டுப் போட்டே எல்லோரும் ஒரு முடிவுக்கு வர வேண்டும். எத்தனை பாதைகள் உண்டோ அத்தனை சீட்டுகளாவது போட்டே ஆக வேண்டும், அதற்குக் குறைந்து முடியவே முடியாது. இதை நிரூபித்தவர் ஹெய்மோ.

1997 கோடையில், மனைவி வீட்டாரின் ஏரிக்கரைக் குடிலில், மூன்று வாரம் விடாத மழையில், சுவரில் ஒட்டியதுபோக மிஞ்சிய அலங்காரக் காகிதச் சுருளின் முதுகில் எழுதினார். அச்சில் பதினான்கு பக்கம். அதற்குப் பிறகு அவர் எதையும் நிரூபிக்கவில்லை. தேவைப்படவும் இல்லை. உலகத்தில் இந்தத் துறையில் யார் எதைச் செய்தாலும், "லிண்டுகாங்காஸ் வரம்பின்படி இதற்கு மேல் குறைக்க இயலாது" என்று எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். புதிதாக ஒன்றைச் செய்து காட்டுகிறவனிடம் எல்லோருக்கும் கொஞ்சம் பொறாமை உண்டு. இதற்கு மேல் முடியாது என்று சொல்கிறவனை எல்லோருக்கும் பிடிக்கும்.

மற்றபடி ஹெய்மோவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வடக்கே கயானி என்ற ஊர்ப் பக்கத்துக்காரர். பத்தொன்பது வயதில் ஒரு பையும் ஒரு ஜோடி பனிச்சறுக்குக் கட்டைகளுமாக எஸ்போவுக்கு வந்தார். கூடத் தங்கியவனின் பெயரை நான்காம் மாதம் தபால் பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். இருபத்தைந்து வருடமாக முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறார். அடுக்குமாடி வீட்டில் வெளியே கிளம்புமுன் கதவிலுள்ள துளை வழியாகப் பார்ப்பார். படிக்கட்டில் யாராவது இருந்தால் அவர்கள் போகும்வரை நிற்பார். எதிர் வீட்டுக்காரரும் அப்படியே செய்வதால் இருவரும் ஒன்பது வருடத்தில் இரண்டு முறைதான் சந்தித்திருக்கிறார்கள். இரண்டும் தீயணைப்பு ஒத்திகை.

வியாழக்கிழமை. எனவே, அந்த ஊர் வழக்கப்படி, பட்டாணி சூப். மனைவி தெல்லெர்வோ கடுகு விழுதை அவர் பக்கம் தள்ளினாள். அவள் பல் மருத்துவமனைத் தாதி. பகல் முழுக்க, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாதவர்களிடம் பேசுவது அவள் வேலை. வீட்டுக்கு வந்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

"ரெண்டு நாளா கழுத்து கோணிக்கிட்டே இருக்கே. என்ன?"

ஹெய்மோ சொன்னார். நான்கு வாக்கியம்.

"அப்ப உன் தேற்றம் தப்பா?"

"ஒரு மாதிரி இடத்துல."

"எந்த மாதிரி இடத்துல?"

"கடிகாரம் இருக்கிற இடத்துல."

"கடிகாரம் இல்லாத இடம் எங்க இருக்கு, சொல்லு பார்ப்போம்?"

ஹெய்மோ சூப்பைக் கலக்கினார்.

"அந்தப் பொண்ணு என்னதான் கண்டுபிடிச்சா?"

"மணி அடிக்குது. சீட்டு வரல. மறுபடி அடிக்குது, வரல. பதினேழாவது அடியில வருது. அப்ப சீட்டுல எதுவும் எழுதாமலே பதினேழுன்னு சொல்லியாச்சு. வரவே இல்லன்னா அதுவும் ஒரு சேதி. நான் போட்ட சீட்டைத்தான் எண்ணினேன். போடாத சீட்டை எண்ணல."

தெல்லெர்வோ கரண்டியைக் கீழே வைத்தாள். "பேசாம இருக்கிறதும் பேச்சுதான். இதானே?"

"ஒரு வகையில."

"இதுக்கு அவளுக்கு அஞ்சு வருஷமா? என்கிட்ட வந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல சொல்லியிருப்பேனே. முப்பது வருஷமா நான் வேற என்னத்தப் படிச்சிட்டிருக்கேன்?"

ஹெய்மோ பதில் சொல்லவில்லை.

"பாரு. இதுவும் வந்து சேர்ந்துடுச்சு." அவள் அப்பத்தட்டை எடுத்து வந்தாள். "சரி, அவ உன்கிட்ட முன்னாடியே சொல்லலையா?"

"பக்கத்து அறைதான்."

"அதனாலதான் கேக்கறேன்."

"சொல்லல."

"போய்க் கேளு."

"என்னன்னு?"

"என்னன்னா? ஏம்மா, என் தலையில கல்லப் போடப் போறியே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதான்னு."

"கேட்டா என்ன செய்வா?"

"பதில் சொல்லுவா. வேற என்ன?"

ஹெய்மோவுக்கு அந்தப் பயம்தான்.

அடுத்த சில நாட்கள் அவர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பத்தொன்பது வரிகளில் ஓட்டை தேடினார். சுவருக்கு அந்தப் பக்கம் சைமா அரங்கில் பேச வேண்டியதை முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருந்தாள். சொற்கள் கேட்கவில்லை, ஏற்ற இறக்கம் மட்டும் கேட்டது. எண்பத்து மூன்றாம் பக்கத்துக்கு வரும்போது குரல் தாழ்ந்ததா என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் ஓட்டை இல்லை என்று தெரிந்துவிட்டது. சரியாகச் சொன்னால், அவர் கண்டுபிடித்தது ஓட்டைக்கு நேர்மாறு. சைமாவின் முறையில் கடைசி வீடு ஒரு சீட்டுப் போடுகிறது. அதுகூட வேண்டியதில்லை. மற்ற எல்லா வீடும் போட்டு முடித்த பிறகு கடைசி வீடு சும்மா இருந்தாலே போதும், அதுவே பதில். ஒரு சீட்டு மிச்சம். இருபத்துச் சொச்சம் வருடத்தில் அவர் கண்டுபிடித்த முதல் விஷயம் அது, தன் தேற்றத்தை இன்னும் கொஞ்சம் தப்பாக்கும் விஷயம். காகிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். கொஞ்ச நேரம் அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷம். யாரும்தான் தப்பு என்றே அவரிடம் சொல்லவில்லையே.

திங்கட்கிழமை காப்பி அறையில் கோப்பையை எடுக்கப் போனபோதுதான் கவனித்தார். கோப்பை அலமாரியின் பின்வரிசையில், எழுத்து சுவரைப் பார்த்தபடி இருந்தது. துப்புரவுப் பெண்ணின் வேலை என்று நினைத்து, தினமும் முன்னால் இழுத்துத் திருப்பி வைப்பது அவர் வழக்கம். எப்போதிலிருந்து? யோசித்தார். மார்ச்சில் ஏரியில் பனிக்கட்டி உடைந்த வாரத்திலிருந்து. இப்போது நவம்பர்.

எட்டு மாதம்.

பிறகு மற்றதெல்லாம் தானாக வந்து வரிசையில் நின்றது. மார்ச்சிலிருந்து யாரும் அவர் எதிரில் வரம்பைப் பற்றிப் பேசவில்லை. ஏப்ரலில் ஒரு கருத்தரங்கில் சைமா பேச எழுந்தபோது, தோர்ஸ்தி அவசரமாக ஜன்னலைத் திறக்கச் சொன்னார். தன் அறைக் கதவு வரை வந்து நின்று, மூச்சை இழுத்து, திரும்பிப் போன காலடிகளை இரண்டு மூன்று முறை கேட்டிருக்கிறார். நடையில் பதினோரு அறைகள். அவருடையது கடைசி. அவருக்கு ஒரு சேதி வர வேண்டுமென்றால் அது சைமாவின் அறையைத் தாண்டித்தான் வர வேண்டும். மற்ற பத்துப் பேரும் அடுத்தவர் சொல்லியிருப்பார் என்று நினைத்திருக்கிறார்கள். குறைந்த பேச்சில் ஒரு செய்தி கூட்டம் முழுக்கப் பரவுவது எப்படி என்பதையே வாழ்நாள் முழுக்க ஆராயும் பத்துப் பேர்.

புதன்கிழமை அச்சு இயந்திரத்தில் ஒரு தாள் கிடந்தது. வெள்ளி மாலை கரோன்க்காவுக்கு, அதாவது பட்டம் வாங்குகிறவர் கொடுக்கும் விருந்துக்கு, அழைக்கப்பட்டவர்களின் பட்டியல். சைமாவையும் சேர்த்து இருபத்து நான்கு பெயர். அவர் பெயர் இல்லை. கோபம் வரவில்லை. அழைத்தால் சைமா பேச வேண்டியிருக்கும், பேசினால் சொல்ல வேண்டியிருக்கும், பாவம். தாளைக் குப்புறத் திருப்பி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

இப்போது அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தேற்றம் போகட்டும். யாராவது ஒருவர் முகத்தைப் பார்த்து, வாயால், "ஹெய்மோ, அது தப்பு" என்று சொல்ல வேண்டும். அதுவும் வெள்ளிக்கிழமை அரங்கு முடிவதற்குள். முடிந்துவிட்டால் அது ஊரறிந்த விஷயம். ஊரறிந்ததை யாரும் தனியாக வந்து சொல்லமாட்டார்கள். சாகும்வரை சொல்லப்படாத ஆளாகவே இருக்க வேண்டியதுதான்.

வியாழன் மாலை ஐந்து மணிவரை அறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். குளிர்காற்று மட்டும் வந்தது.

வெள்ளி பன்னிரண்டு மணிக்கு அரங்கில் நாற்பது பேர். எல்லோரும் கறுப்பில். ஹெய்மோ பின்வரிசையில், ஓரத்தில். மேடையில் அவைத்தலைவராக தோர்ஸ்தி, வால் கோட்டு மாட்டிக்கொண்டு. எதிர்வாதம் செய்ய ஹைஃபாவிலிருந்து கிலாத் வந்திருந்தார். உருண்டையான, ஓயாத மனிதர். அவர் கையில் உயரமான கறுப்புத் தொப்பி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள்.

"இத வச்சு நான் என்ன பண்ணணும்?" கிலாத்தின் கிசுகிசுப்பு பின்வரிசைவரை கேட்டது.

"மேசைமேல வைக்கணும்," என்றார் தோர்ஸ்தி.

"போட்டுக்க வேணாமா?"

"உள்ள வேணாம்."

"பின்ன எதுக்கு எடுத்துட்டு வரணும்?"

"மேசைமேல வைக்கறதுக்கு."

கிலாத் தொப்பியை வைத்தார். பிறகு இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார். சைமா நின்றபடி பதில் சொன்னாள். முப்பத்தொரு வயது, நெட்டை, பேசும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாள். ஒவ்வொரு பதிலும் கேள்வியைவிடச் சின்னதாக இருந்தது.

"ஐந்தாம் அத்தியாயத்துக்கு வருவோம்," என்றார் கிலாத். "பக்கம் எண்பத்து மூணு. அட்டகாசம். ஆனா ஒண்ணு கேக்கறேன். உன் வழியில சீட்டு குறையுது, சரி. நேரம்? நூறு வீட்டுக்கே மணி எத்தனை தடவை அடிக்கணும்?"

"நிறைய."

"அதுக்குள்ள பனியே உருகிப் போயிடாதா?"

"அடுத்த வருஷப் பனியும் உருகிடும்."

"அப்புறம்?"

"வரம்புல நேரத்தப் பத்தி எதுவும் சொல்லல. சீட்டப் பத்தி மட்டும்தான் சொல்லியிருக்கு."

கிலாத் வயிறு குலுங்கச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. "அற்புதம்! சரி, இந்த வரம்ப நிரூபிச்சவர், லிண்டுகாங்காஸ், அவர் என்ன சொல்றார்? அவர்கிட்ட காட்டினியா?"

சைமாவின் கைகள் பின்னால் இன்னும் இறுகின. "அவர் அறை என் அறைக்குப் பக்கத்துல."

"அப்ப காட்டின?"

"இல்ல. ஆய்வேட்டுல இருக்கு. ஆணியில தொங்குது."

"பக்கத்து அறை! ஆணியில தொங்குது!" கிலாத் அரங்கைச் சுற்றிப் பார்த்தார். "இங்க இருக்காரா அவர்?"

நாற்பது பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. முப்பத்தொன்பது கழுத்துகள் ஒரே நேரத்தில் திரும்பாமல் இருந்தன. அதைவிடத் துல்லியமாக ஒரு விரலால்கூடச் சுட்டிக் காட்டியிருக்க முடியாது. கிலாத் அந்தக் கழுத்துகளைப் பார்த்தார். பிறகு நேராகப் பின்வரிசை ஓரத்தைப் பார்த்தார். பேசாத ஊரில் இரண்டு மணி நேரம் இருந்ததில் அவரும் கற்றுக்கொண்டுவிட்டார். மேற்கொண்டு கேட்கவில்லை.

கடைசியாகச் சடங்குச் சொற்கள். சைமா அரங்கைப் பார்த்துச் சொன்னாள், மனப்பாடமாக, தட்டையாக:

"என் ஆய்வேட்டின் மேல் ஆட்சேபம் உள்ளவர்கள், அவைத்தலைவரிடம் அனுமதி பெற்றுப் பேசலாம்."

இந்த இடத்தில் யாரும் பேசமாட்டார்கள். பத்து நொடி நிற்பார்கள், தோர்ஸ்தி தொண்டையைச் செருமுவார், முடிந்தது, கேக் வெட்டப் போகலாம். அந்தப் பத்து நொடியை ஹெய்மோ வாழ்நாளில் எத்தனையோ முறை உட்கார்ந்து கடத்தியிருக்கிறார். ஒன்று, இரண்டு. இன்றைக்கு அது வேறு மாதிரி இருந்தது. மூன்று, நான்கு. சுவர்க் கடிகாரம் எல்லோருக்கும் பொதுவாக ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து. இப்போது சும்மா இருந்தால் அதுவும் ஒரு சீட்டு. ஆறு. அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கும் என்று மற்றவர்கள் அவரவர் இஷ்டத்துக்குப் படித்துக்கொள்வார்கள். கோபம் என்பார்கள், பெருந்தன்மை என்பார்கள், அவருக்கு இன்னும் புரியவில்லை என்பார்கள். ஏழு.

ஹெய்மோ எழுந்தார். நாற்காலி மடங்கிப் படாரென்று சத்தம் போட்டது.

தோர்ஸ்தியிடம் இதற்கு நடைமுறை இல்லை. மேசைமேல் கிடந்த விதிப் புத்தகத்தைப் புரட்டினார், கிடைக்கவில்லை. தொப்பியைத் தொட்டார். "பேசலாம்," என்றார், கேள்வியாக.

"பக்கம் எண்பத்து மூணு," என்றார் ஹெய்மோ. குரல் கீச்சென்று வந்தது. "சரியா இருக்கு."

அரங்கு காத்திருந்தது.

"கடைசி வீடு சீட்டுப் போட வேண்டியதில்ல. மத்தவங்க எல்லாம் போட்டப்புறம் அது சும்மா இருந்தாப் போதும். இன்னும் ஒண்ணு குறையும்." பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து, நீட்ட ஆள் இல்லாமல் பிடித்துக்கொண்டு நின்றார். "என் தேற்றம் தப்பு," என்றார் பிறகு. யாராவது சொல்ல வேண்டும் என்று பத்து நாள் காத்திருந்ததை அவரே சொல்ல வேண்டியதாகிவிட்டது. உட்கார்ந்தார்.

சைமா வாயைத் திறந்தாள். கைகள் முன்னால் வந்தன. "அது... ஆமா. குறையும். நான் பார்க்கல," என்றாள்.

தோர்ஸ்தி தொண்டையைச் செருமினார்.

வெளியே கேக் மேசையருகில் ஹெய்மோவைச் சுற்றி வழக்கத்தைவிட இரண்டடி அதிக இடம் விட்டு நின்றார்கள். தோர்ஸ்தி அந்த இரண்டடியைக் கடந்து வந்தார்.

"ஏழு மணி. கறுப்புக் கோட்டு."

"எதுக்கு?"

"கரோன்க்கா. அரங்குல எழுந்து ஆட்சேபிச்சவன விருந்துக்குக் கூப்பிடணும். வழக்கம்."

"நான் ஆட்சேபிக்கலையே. சரின்னு சொன்னேன்."

"எழுந்தல்ல?"

"எழுந்தேன்."

"அவ்வளவுதான்." தோர்ஸ்தி கேக்கைக் கடித்தார். "கடைசியா ஒருத்தன் எழுந்தது தொண்ணூத்தி ஒண்ணுல. கலைமான் கறிக்காக எழுந்தான்னு இன்னும் சொல்றாங்க."

"நான் சாப்பாட்டுக்காக எழுந்திரிக்கல, தோர்ஸ்தி."

"நான் சொல்லல. மத்தவங்க சொல்லிட்டாங்க. இன்னிக்குச் சால்மன்."

எட்டு மாதமாக ஒரு சேதியை ஒரு சுவர் தாண்டவிடாத அந்த நடை, இந்த வதந்தியைப் பதினைந்து நிமிடத்தில் கொண்டு சேர்த்திருந்தது. ஹெய்மோ காப்பியைக் கலக்கினார். சர்க்கரை போட்டிருக்கவில்லை.

"என் கப்பு," என்றார். "நீதான் திருப்பி வச்சியா?"

தோர்ஸ்தி ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் மூடியிருந்தது. "சில நாள்."

"மத்த நாள்?"

"தெரியாது. எனக்கு முன்னாடியே யாராவது திருப்பியிருப்பாங்க. தெரியாம நானும் திருப்பினா மறுபடி நேரா வந்துடும்." கொஞ்சம் யோசித்தார். "அந்த நாள்லதான் உனக்குப் போய்ச் சேராம இருந்திருக்கும்."

விருந்து ஓர் உணவகத்தின் பின்னறையில். இருபத்து நான்கு நாற்காலிக்குப் போட்ட மேசை. இருபத்தைந்தாவது, சமையலறையிலிருந்து வந்த முக்காலி. அதில் உட்கார்ந்த ஹெய்மோ மற்ற எல்லோரையும்விட ஒரு தலை உயரம் குறைந்திருந்தார்.

கரோன்க்காவில் பேச்சுக்கு விதி உண்டு. பட்டம் வாங்கியவர் ஒவ்வொருவருக்காக நன்றி சொல்வார். பெயர் சொல்லப்பட்டவர்கள் மட்டும், சொல்லப்பட்ட அதே வரிசையில், பதில் பேசலாம். மற்றவர்கள் மீனைத் தின்னலாம்.

சைமா எழுந்தாள். முதலில் கிலாத். அடுத்து தோர்ஸ்தி. அடுத்து, ஆட்சேபித்தவர்.

"ஹெய்மோ. பக்கத்து அறை. அஞ்சு வருஷம்." நிறுத்தினாள். கையில் இருந்த தாளில் அது இல்லை, மத்தியானம் எழுதிச் சேர்க்க நேரமிருந்திருக்காது. "அந்தப் பக்கத்த நாப்பது தடவ எழுதினேன். ஒவ்வொரு தடவையும் சுவத்தத் தட்டலாமான்னு நினைச்சேன். தோர்ஸ்தி சொல்லிட்டார்னு நினைச்சுக்கிட்டேன்."

"நீ சொல்லிட்டேன்னு நான் நினைச்சேன்," என்றார் தோர்ஸ்தி, முறை வராமலே. பிறகு தட்டைப் பார்த்தார்.

"தட்டல," என்றாள் சைமா. "நன்றி."

கிலாத்தின் பதில் இருபது நிமிடம். அதில் அவருடைய மாமியார்கூட வந்தாள். தோர்ஸ்தியின் பதில் இரண்டு வாக்கியம், இரண்டிலும் பல்கலைக்கழகத்தின் பெயர். மூன்றாவதாக ஹெய்மோ முக்காலியிலிருந்து எழுந்தார். எழுந்த பிறகுதான் பலர் கண்ணில் பட்டார்.

"சைமா, நீ தட்டாதது எனக்குக் கேட்டுச்சுன்னு சொல்ல ஆசைதான்," என்றார். "அழகா இருக்கும். ஆனா கேக்கல. எட்டு மாசம் தினமும் சேதி வந்திருக்கு, நான் கப்பத் திருப்பித் திருப்பி வச்சேன். தொண்ணூத்தி ஏழுலயும் அதத்தான் பண்ணியிருக்கேன்."

இன்னும் ஏதோ இருந்தது. அது வரவில்லை. உட்கார்ந்தார்.

கிலாத் மட்டும் கைதட்டத் தொடங்கி, மற்றவர்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சைமா தன் தட்டிலிருந்த மீன் துண்டின் பெரிய பாதியை வெட்டி, இரண்டு பேரின் குறுக்கே கையை நீட்டி, ஹெய்மோவின் தட்டில் வைத்தாள். அவர் தலையசைத்தார். எதிரில் இருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், நான் சொன்னேனல்லவா என்பது போல.

மறுநாள் சனிக்கிழமை. ஹெய்மோ ஏழரைக்கு எழுந்தார். வெளியே மழையும் பனியும் கலந்து விழுந்தது. ஓட்ஸ் கஞ்சி குடித்தார். பத்து மணிக்கு ஆய்விதழுக்கு மூன்று வரி எழுதினார்: 1997இல் வெளியான வரம்பு, பொதுக் கடிகாரம் உள்ள இடத்தில் செல்லாது. பிழையைக் கண்டவர் சைமா. பார்க்க, பக்கம் எண்பத்து மூன்று. கிடைத்தது என்று இயந்திரம் பதில் அனுப்பியது. தெல்லெர்வோ கடைக்குப் போய் வந்தாள், விருந்தில் என்ன போட்டார்கள் என்று கேட்டாள். சால்மன் என்றார். பன்னிரண்டரைக்கு வியாழக்கிழமை சூப்பைச் சூடாக்கிச் சாப்பிட்டார்கள். இரண்டு மணிக்குக் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு கதவருகில் போய்த் துளை வழியாகப் பார்த்தார். எதிர் வீட்டுத் துளையில் வெளிச்சம் இல்லை, யாரோ உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு நிமிடம் நின்றார். பையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். ஐந்திலிருந்து ஆறுவரை கட்டடத்து நீராவிக் குளியலில் அவர்கள் முறை. குளித்துவிட்டு வரும்போது படிக்கட்டில் யாருமில்லை. குப்பையை அப்போது கொண்டுபோய்ப் போட்டார்.